ஜீன் டெஸ்ட் வேறு, ஜீன் வெளிப்பாட்டு டெஸ்ட் வேறு: இரத்தத்தில் இதய நோயைத் தேடுவது எப்படி?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் வண்டி இரண்டு திசைகளில் ஒன்றில் போகும். ஒன்று, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ். இல்லையென்றால் எல்லை தாண்டி திருவனந்தபுரம். ஆஞ்சியோ, பிளாக், ஸ்டென்ட் எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில் சாதாரணச் சொற்களாகி ரொம்ப நாளாயிற்று.

அந்தப் பேச்சில் இப்போது 'ஜீன் டெஸ்ட்' என்பதும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும், ஜீனைப் பார்த்து அட்டாக் வருமா வராதா என்று சொல்லிவிடுவார்கள் என்கிறார்கள். "ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சுல்லா, ஒண்ணும் இல்லேன்னு வந்துட்டு, பொறவு என்ன?" என்று ஒருவர் தைரியமாகச் சொல்லக் கேட்டேன். எந்தச் சோதனை எடுத்தார் என்று விசாரித்தால் அவருக்கே தெரியவில்லை. இந்தத் தைரியம் ஆபத்தானது. அதனால்தான் விளக்கமாக எழுதத் தோன்றியது.

அவர் சொன்ன 'ஜீன் டெஸ்ட்' என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு சோதனைகள் ஒளிந்திருக்கின்றன. பிறக்கும்போதே நம்மிடம் இருக்கும் ஜீன்களைப் படிப்பது ஒன்று. அந்த ஜீன்களில் எவை இன்றைக்கு வேலை செய்கின்றன என்று பார்ப்பது இன்னொன்று. இதயத் தசை சேதமானதும் ரத்தத்தில் கசியும் புரதத்தை அளப்பது மூன்றாவது. அது ஜீன் சோதனையே இல்லை, ஆனால் பேச்சில் அதையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக இரண்டாவதைப் பற்றியது.

மூலமும் நகலும்

சார் பதிவாளர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பதிவான பத்திரங்களின் தொகுதிகள் அங்கே உள்ளறையில் அடுக்கியிருக்கும். அவை வெளியே போகாது. வேண்டியவர்கள் மனு எழுதிக் கொடுத்து நகல் வாங்கிப் போவார்கள். பேங்க் லோனுக்கும் பாகப்பிரிவினைக்கும் கேஸுக்கும் பயன்படுவது அந்த நகல்தான்.

உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஓர் உள்ளறை இருக்கிறது. அதன் பெயர் உட்கரு. அதில் டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் நம் மரபுச் செய்தி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய பகுதியே மரபணு, அதாவது ஜீன். மனிதருக்குப் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000. புரதம் தேவைப்படும்போது செல் அந்த ஜீனை மட்டும் பார்த்து ஒரு நகல் எடுக்கும். அந்த நகலின் பெயர் தூது ஆர்என்ஏ. கொரோனா தடுப்பூசிக் காலத்தில் எம்ஆர்என்ஏ என்று கேள்விப்பட்டோமே, அதேதான். நகலைப் படித்துப் புரதம் செய்து முடித்த பிறகு, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அதைச் செல்லே அழித்துவிடும்.

எந்த ஜீனிலிருந்து எத்தனை நகல் எடுக்கப்படுகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். இதயச் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருக்கும் மூலம் ஒன்றுதான். எடுக்கப்படும் நகல்கள் வேறுவேறு. அதனால்தான் ஒன்று துடிக்கிறது, மற்றொன்று பித்தநீர் சுரக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காரோட்டிலிருந்து நாகர்கோவில் வழியாக நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சாலை போகும் சர்வே எண்களுக்கு மட்டும் திடீரென்று நகல் மனுக்கள் குவிகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் எந்த எண்ணுக்கு எத்தனை நகல் போகிறது என்ற பட்டியலைப் பார்ப்பவருக்கு, ஜேசிபி வருவதற்கு முன்பே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். வெளிப்பாட்டுச் சோதனை படிப்பது இந்த நகல் பட்டியலைத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், டிஎன்ஏ சோதனை மூலத்தைப் படிக்கிறது. அதன் முடிவு பிறந்த அன்றைக்கும் அறுபது வயதிலும் ஒன்றுதான். வெளிப்பாட்டுச் சோதனை நகல்களை எண்ணுகிறது. அது இன்றைய நிலவரம். அடுத்த மாதம் மாறலாம்.

நோய் இதயத்தில், சாட்சி ரத்தத்தில்

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். அடைப்பு இருப்பது இதயத்தின் ரத்தக் குழாயில். ஊசி குத்துவது கையில். கையில் எடுத்த ரத்தத்துக்கு இதயத்தின் கதை எப்படித் தெரியும்?

குழாய்க்குள் பாசி பிடிப்பதுபோல் கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தால் இதற்கு விடை கிடைக்காது. நடப்பது வேறு. எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பின் துகள்கள் ரத்தக் குழாயின் உள்சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்து, அங்கேயே தங்கிக் கெட்டுப்போகின்றன. சுவர் அதை ஒரு காயமாக எடுத்துக்கொண்டு உதவி கேட்டு ரசாயனச் சமிக்ஞை அனுப்புகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அந்த இடத்தில் ஒட்டி, சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கத் தொடங்குகின்றன. அளவுக்கு மீறி விழுங்கியவை அங்கேயே உப்பிச் செத்துக் கிடக்கின்றன. மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. இப்படி வருடக்கணக்கில் வளர்வதுதான் கொழுப்புத் திட்டு. ஒருநாள் அதன் மேல்மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். அதுதான் மாரடைப்பு.

ஆக, இது வெறும் கொழுப்புப் பிரச்சினை இல்லை. மெதுவாக, பல வருடம் நீளும் ஓர் அழற்சி. அழற்சி என்றால் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்தெழுந்து வேலை செய்யும் நிலை. அந்த அணுக்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன, குழாய்ச் சுவர் அனுப்பும் சமிக்ஞைகளைப் பெறுகின்றன, அதற்கேற்பத் தங்கள் நகல் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கையில் எடுத்த ரத்தத்திலும் அவை இருக்கும்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் நாம் படிப்பது இதயத் தசையின் ஜீன்களை அல்ல, பெரும்பாலும் வெள்ளணுக்களின் ஜீன்களை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. புதிய நகல் எடுக்க அதனால் முடியாது. அதாவது இதயத்தைப் பற்றி இந்தச் சோதனை சொல்வதெல்லாம் சம்பவ இடத்துப் பக்கம் போய்வந்த சாட்சியின் வாக்குமூலம். நேரடிப் படம் அல்ல. ஆஞ்சியோவுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுவே.

நகலை எண்ணுவது எப்படி

சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பாட்டுச் சோதனைக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. ரத்தம் நரம்பிலிருந்து வெளியே வந்த பிறகும் வெள்ளணுக்கள் உயிரோடுதான் இருக்கும். குழாயின் சுவர், குளிர், ஆக்ஸிஜன் குறைவு என்று புதிய சூழலுக்குப் பதில் சொல்லத் தொடங்கி, பட்டியலையே மாற்றிவிடும். பழைய நகல்களும் சிதையும். காலை பத்து மணிக்குக் கொல்லங்கோட்டில் எடுத்த ரத்தம் மாலையில் ஒரு பெருநகரத்தின் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே அளப்பது நோயையா, பயணத்தையா என்று பிரிக்க முடியாது.

இதற்கென்று தனிக் குழாய் இருக்கிறது. அதில் முன்பே ஒரு திரவம் ஊற்றியிருக்கும். 2.5 மில்லி ரத்தம் அதற்குள் இறங்கியதும் எட்டு, பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. திரவம் செல்களை உடைத்து, உள்ளே இருந்த நகல்களை அந்த நொடியில் இருந்தபடியே நிறுத்திவைக்கிறது. திருப்புவதில் அலட்சியம் காட்டினால் கீழே பாதி ரத்தம் கலக்காமலே நின்றுவிடும். லேப் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முடிவின் தரம் இந்த அரை நிமிட வேலையில் தொங்குகிறது.

பிறகு ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து எண்ணுகிறார்கள். அதற்கான முறையின் பெயர் நமக்கு மறந்திருக்காது: ஆர்டி-பிசிஆர். 2021-இல் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சான்றிதழ் காட்டச் சொன்னார்களே, அதே முறை. அப்போது மூக்குச் சளியில் வைரஸின் ஆர்என்ஏவைத் தேடினார்கள். இங்கே நம் வெள்ளணுக்களின் ஆர்என்ஏவைத் தேடுகிறார்கள். கொரோனாவுக்கு 'இருக்கிறது, இல்லை' என்ற விடை போதும். இங்கே 'எவ்வளவு' என்பது தேவை. அதனால்தான் துல்லியம் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

ஒரு ஜீன் போதாது

இதய அடைப்புக்கென்று தனியாக ஒரு ஜீன் கூவிக்கொண்டு நிற்பதில்லை. பல ஜீன்களின் நகல்கள் கொஞ்சம் கூடும், சில கொஞ்சம் குறையும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பலவீனமான தடயம். அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரே மதிப்பெண்ணாகத் தருவதுதான் வழக்கம். நோயின் இருப்பையோ போக்கையோ காட்டும் இப்படிப்பட்ட அளவீட்டைப் பயோமார்க்கர் என்பார்கள்.

இந்த வகையில் உண்மையாகவே மருத்துவமனைக்குள் வந்த சோதனை அமெரிக்காவின் கோரஸ் சிஏடி. வெள்ளணுக்களின் 23 ஜீன்களை அளந்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து 1 முதல் 40 வரை மதிப்பெண் கொடுத்தது. 15 அல்லது அதற்குக் கீழே வந்தால், இதயக் குழாயில் பெரிய அடைப்பு இருக்கும் வாய்ப்பு குறைவு; ஆஞ்சியோவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பது கருத்து. நோய் இருக்கிறது என்று உறுதிசெய்ய அல்ல, இல்லை என்று ஒதுக்கத்தான் அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள்.

அதன் திறனைச் சரிபார்த்த பிரிடிக்ட் ஆய்வு 2010-இல் வெளியானது. 526 நோயாளிகளிடம் சோதித்ததில் பிரித்தறியும் திறன் 0.70 என்று வந்தது. நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், நோய் உள்ளவருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும் வாய்ப்பு 100-க்கு 70 என்று இதற்கு அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். ஆகவே இது பயனுள்ள தடயம், தீர்ப்பு அல்ல. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு சில ஆண்டுகள் இதற்குப் பணம் கொடுத்தது. 2018-இல் அது நின்றது, அதையடுத்து நிறுவனமும் மூடப்பட்டது. அறிவியல் பொய்த்துப்போனதாக நான் இதைப் பார்க்கவில்லை. மற்ற சோதனைகளைவிட இது நோயாளிக்கு எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது என்ற கேள்விக்கு வலுவான விடை இல்லாமல் போனது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சோதனை பொருந்தவில்லை. உருவாக்கும்போதே அவர்களை விலக்கவேண்டி வந்தது. சர்க்கரை நோயே வெள்ளணுக்களின் நகல் பட்டியலை மாற்றிவிடுவதால், அவர்களிடம் அடைப்பைக் காட்டிய ஜீன்கள் வேறு, மற்றவர்களிடம் காட்டியவை வேறு. வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை இருக்கும் நம் ஊரில் இதைச் சின்ன விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

இதுவரை பார்த்தது: பல ஜீன்களின் நகல் எண்ணிக்கையைச் சேர்த்து ஒரு மதிப்பெண் உருவாகிறது. அது யாரை வைத்து உருவாக்கப்பட்டதோ, அவர்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

நகல் கூடினால் அடைப்புதானா?

பதிவு அலுவலகத்தில் நகல் மனுக்கள் கூடுவது சாலைக்காக மட்டுமா? லோன் மேளா நடந்தாலும் கூடும். வெள்ளணுக்களும் அப்படித்தான். ஜலதோஷம், பல்லில் சீழ், முந்தின வாரம் வந்த காய்ச்சல், சிகரெட், ஸ்டீராய்டு மாத்திரை, கடும் உடற்பயிற்சி, ரத்தம் எடுத்த நேரம் என்று எல்லாம் பட்டியலைப் பாதிக்கும்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. ஒரு ஜீனின் நகல்கள் இரட்டிப்பாயின என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செல்லும் இருமடங்கு நகல் எடுத்திருக்கலாம். அல்லது அந்த வகைச் செல்களே இருமடங்காகப் பெருகியிருக்கலாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை கூடினாலே அதற்குரிய ஜீன்கள் எல்லாம் கூடியதுபோல் தெரியும். அதற்கு விலை கூடிய ஜீன் சோதனை எதற்கு? சாதாரண ரத்த அணுக் கணக்கே போதும். நல்ல ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

அப்புறம், தற்செயல். 20,000 ஜீன்களை ஒரே நேரத்தில் ஒப்பிடும்போது, நூற்றுக்கு ஐந்து தற்செயலை அனுமதிக்கும் வழக்கமான அளவுகோலை வைத்தால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத 1,000 ஜீன்கள் சம்பந்தம் உள்ளவைபோல் வந்து நிற்கும். ஆகவே ஒரு குழுவில் கண்டதை முற்றிலும் வேறொரு குழுவில் மறுபடி சோதித்தாக வேண்டும். 'இதய நோய்க்கான ஜீன் கண்டுபிடிப்பு' என்று செய்தி வரும்போது நான் முதலில் தேடுவது இந்த மறுசோதனையைத்தான்.

இப்போது இருக்கிறதா, இனி வருமா?

கண்டறிவது ஒரு கேள்வி, முன்கூட்டிச் சொல்வது வேறு கேள்வி. முதலாவதை ஆஞ்சியோவோடு ஒப்பிட்டு உடனே சரிபார்க்கலாம். இரண்டாவதுக்கு இன்று நலமாக இருக்கும் ஆயிரக்கணக்கானோரிடம் ரத்தம் எடுத்துவைத்து, பல வருடம் காத்திருந்து, யாருக்கு மாரடைப்பு வந்தது என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்தாலும் கிடைப்பது ஒரு நிகழ்தகவுதான். இந்த மாதம், இந்த ஆளுக்கு என்று தேதி குறிக்கும் சோதனை எதுவும் உலகில் இல்லை.

வெளிப்பாட்டுச் சோதனை நிலைத்து நிற்கும் ஓர் இடம் இதய மாற்று அறுவை சிகிச்சை. பொருத்திய இதயத்தை உடம்பு நிராகரிக்கிறதா என்று பார்க்க, இதயத்துக்குள் குழாய் விட்டுத் திசுத்துணுக்கை எடுப்பது வழக்கம். அதற்கு மாற்றாக வெள்ளணுக்களின் நகல்களை அளக்கும் அல்லோமேப் என்ற ரத்தச் சோதனைக்கு 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. 2010-இல் வெளியான, 602 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், குறைந்த ஆபத்துள்ளவர்களைத் திசுச் சோதனைக்குப் பதில் இந்த ரத்தச் சோதனையால் கண்காணித்தபோது விளைவுகள் மோசமாகவில்லை. இங்கே அது பலித்ததற்குக் காரணம் புரிகிறது. நிராகரிப்பு என்பதே வெள்ளணுக்களின் வேலை. சாட்சியிடமே நேரடியாகக் கேட்கிறோம்.

ட்ரோபோனினோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

நெஞ்சு வலியோடு போனால் இசிஜி எடுத்து, ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள். அது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசைச் செல் சேதமானால் ரத்தத்தில் கசியும். முதல் தடவை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது அது ஏறுகிறதா என்று பார்க்கத்தான். இதில் ஜீன் எதுவும் இல்லை. 'ஜீன் டெஸ்ட் நார்மல்' என்ற காகிதத்தைக் காட்டி இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

மைக்ரோ ஆர்என்ஏ என்று இன்னொன்றும் பேசப்படுகிறது. புரதம் செய்யாமல் மற்ற நகல்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏக்கள் இவை. இவற்றைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதயத் தசைக்கே உரிய சில வகைகள் மாரடைப்புக்குப் பின் ரத்தத்தில் தென்படுகின்றன. ஆராய்ச்சி சுவாரசியமானது. ஆனால் அவசரப் பிரிவில் ட்ரோபோனினின் இடத்தை எதுவும் இன்னும் பிடிக்கவில்லை.

நம் பக்கத்துக்கு இதில் என்ன?

மூலத்திலேயே மாற்றம் இருப்பதற்கு நம் பகுதியிலேயே நல்ல உதாரணம் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, தெற்காசியரில் 100-க்கு ஏறக்குறைய 4 பேரிடம் இருப்பதாக 2009-இல் இந்திய ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு காட்டியது. இது இதயத் தசை நோயோடு தொடர்புள்ளது. குழாய் அடைப்போடு அல்ல. இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. இதைக் கண்டுபிடிப்பது டிஎன்ஏ சோதனை. வெளிப்பாட்டுச் சோதனையில் இது தெரியவேண்டும் என்று இல்லை.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. அதே ஆய்வு 2004-இல் சொன்னது, முதல் மாரடைப்பின் ஆபத்தில் 90 சதவீதம் அளவுக்குப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை உள்ளிட்ட 9 காரணிகளால் விளக்கிவிடலாம் என்று. இவற்றில் பெரும்பாலானவற்றை மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்வரும் வழியிலேயே அளந்துகொள்ளலாம். எந்த ஜீன் சோதனையும் தன் மதிப்பை நிரூபிக்க, இந்த மலிவான அளவீடுகளைத் தாண்டிப் புதிதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

யாராவது இதயத்துக்கு ஜீன் பேக்கேஜ் என்று நோட்டீஸ் நீட்டினால், இது டிஎன்ஏவைப் படிப்பதா, வெளிப்பாட்டை அளப்பதா என்று முதலில் கேளுங்கள். வெளிப்பாடு என்றால், எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பீர்கள், எவ்வளவு நேரத்தில் நிலைப்படுத்துவீர்கள்? நம்மைப் போன்றவர்களிடம் சரிபார்த்த ஆய்வு உண்டா? சர்க்கரை உள்ளவருக்குப் பொருந்துமா? முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சையில் எது மாறும்? கடைசிக் கேள்விக்கு விடை வரவில்லை என்றால் அந்தக் காசுக்குக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் புரொஃபைலும், சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் எடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டு வரலாம். வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலி வந்தால், வாயு என்று இஞ்சி தட்டிக் குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பழைய ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு இசிஜிதான் முதலில்.